பக்கிங்ஹாம்னா பேலஸ் இல்ல பாஸ்!

மந்தைவெளி தாண்டி கிரீன்வேஸ் ரோடு ஸ்டேஷன்ல இறங்குற மக்களே... பறக்கும் ரயில்ல இருந்து கீழே பார்த்தா கறுப்பா ஒரு தண்ணி தெரியுமே, கைக்குட்டையோட கடந்து போவோமே, அதான் பக்கிங்ஹாம் கால்வாய். யாருப்பா அந்த பக்கிங்ஹாம்?

ஆள் பெரிய ஆள்! மூன்றாம் பக்கிங்ஹாம் பிரபு. அப்பா குடும்பச் சொத்தைக் கடன்ல மூழ்கடிச்சுட்டார். மகன் லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வேக்கு சேர்மன் ஆனார். 1867-68-ல பிரிட்டிஷ் அரசுல காலனிகளைக் கவனிக்கிற மந்திரி. 1875-ல இருந்து 1880 வரைக்கும் மெட்ராஸ் கவர்னர்.

இவரை ஆளுயர ஓவியமா வரைஞ்சது யார் தெரியுமா? சாட்சாத் ராஜா ரவிவர்மா! அப்போ அவருக்குச் சுமார் முப்பது வயசு. ஐரோப்பிய ஓவியர் ஒருத்தருக்காக 18 தடவை உட்கார்ந்தும் இதுல பாதிகூட அச்சு அசலா வரலைனு பிரபு அசந்துபோனதா ரவிவர்மாவைப் பத்தி எழுதினவங்க சொல்றாங்க. துஷ்யந்தனுக்கு சகுந்தலை கடிதம் எழுதுற ரவிவர்மா ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்கினவரும் இதே பிரபுதான். நம்ம ஊர் ஓவியரை வெள்ளைக்கார கவர்னர் கொண்டாடினது... சூப்பர் மேட்டர்தானே?

ஆனா, இதே வருஷங்கள்ல இன்னொரு பக்கமும் படம் எடுத்துக்கிட்டு இருந்தாங்க.

1876-ல மழை பொய்ச்சுது. தாட்டி வீட்டுல கேட்டுப் பாருங்க, 'தாது வருஷப் பஞ்சம்'னு சொல்வாங்க. தென்னிந்தியாவுல 50 லட்சம் பேருக்கு மேல செத்ததா மதிப்பீடு. ராணுவ அதிகாரி டபிள்யூ.டபிள்யூ. ஹூப்பர் கேமராவோட கிளம்பினார். எலும்பும் தோலுமா இருந்தவங்களை வரிசையா உட்கார வெச்சு படம் எடுத்தார். இதுக்காகத் திட்டும் வாங்கினார். அதுவும் ஒரு வகையில 'போஸ்'தான். ஆனா, பிரபுவோட படத்துல பேர் இருக்கு. இவங்க படத்துல 'பஞ்சத்தில் அடிபட்டவர்கள்'ங்கிற அளவுக்குத்தான் அடையாளம்.

பிரபு மட்டும் வில்லன்னு முடிச்சுடவும் முடியாது. வைஸ்ராய் லிட்டன் அனுப்பின ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை பார்க்குற ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியத்துக்கான காசும் மேற்கொண்டு ஒரு அணாவும் போதும்னு 1877-ல கூலியைக் குறைச்சார். மண் வெட்டுற உடம்புக்கு இது பத்தாதுனு மெட்ராஸ் சுகாதார கமிஷனர் கார்னிஷ் சண்டை போட்டார். பக்கிங்ஹாமோட அரசு கார்னிஷ் பக்கம் சாய்ஞ்சு, கூலியைக் கொஞ்சம் ஏத்துச்சு. கேட்ட அளவுக்கு ஏத்தலை.

இப்போ நம்ம ஏரியாவுக்கு வருவோம். கால்வாயோட வடக்குப் பகுதி 1806-லயே ஆரம்பிச்சது. ஆனா, அடையாறையும் கூவத்தையும் இணைக்கிற சுமார் 8 கிலோ மீட்டர், அதாவது ஆர்.ஏ.புரம், மயிலாப்பூர் வழியா போற துண்டு, 1877-78-ல பஞ்ச நிவாரண வேலையா வெட்டினது. பசியில இருந்தவங்க கூலிக்குத் தோண்டினது. பேர் வெச்சது கவர்னருக்கு.

அதுல ஒரு காலத்துல படகு போச்சு, உப்பும் விறகும் வந்துச்சு. அப்புறம் சாக்கடையைத் திருப்பி விட்டோம், நடுவுலயும் கரையிலயும் ரயிலுக்குத் தூண் நட்டோம்.

உட்கார்ந்து போஸ் கொடுத்தவருக்கு ரவிவர்மா கிடைச்சார். தோண்டினவங்களுக்குனு மிச்சம் இருக்கிறது இந்தக் கால்வாய் ஒண்ணுதான். அதையாவது சுத்தமா வெச்சிருக்கலாமே மக்களே!