கம்பு வருமா?

சிலம்ப வகுப்பில் சேர்க்கைக்கு வரும் பெற்றோரில் பாதிப் பேர் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுகிறார்கள்: "ஆசானே, இவனுக்குக் கம்பு வருமா?" முன்பு இப்படிக் கேட்டவர்கள் குறைவு. அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்ந்து, 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளிலும் காட்சி விளையாட்டாக இடம்பெற்ற பிறகு, கேள்வியில் அவசரம் கூடிவிட்டது. வராது என்றால் பையனை வேறு எதிலாவது சேர்த்துவிடலாமே என்ற கணக்கு. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆசான்களான நம் கையில் இரண்டு பதில்கள் எப்போதும் தயார். இரண்டாம் நாளே பையன் கம்பைக் கை மாற்றிவிட்டால் 'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்போம். கம்பு அவன் முழங்காலிலேயே பட்டுக்கொண்டிருந்தால் 'அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்' என்போம். இரண்டையும் ஒரே மாலையில், ஒரே களத்தில், வேறு வேறு பெற்றோரிடம் நானே சொல்லியிருக்கிறேன். இரண்டுமே ஆசானுக்கு வசதியான பதில்கள். முதலாவது கற்றுக்கொடுக்கும் வேலையைப் பயிரின் தலையில் கட்டுகிறது. இரண்டாவது அதை அடிக்கிறவன் தலையில் கட்டுகிறது.

சில வருடங்களுக்கு முன் பதினொரு வயதுப் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான். அவன் நெற்றி உயரத்துக்குக் கம்பு வெட்டிக் கொடுத்தோம். மற்றவர்களுக்கு ஒரு மாதம் பிடிக்கிற ஒற்றைக்கைச் சுழற்சி அவனுக்கு மூன்றே நாளில் வந்தது. மணிக்கட்டு அப்படி. அவன் வீசும்போது காற்று அறுபடும் சத்தமே வேறாக இருக்கும். கோயில் திருவிழா, பள்ளி ஆண்டுவிழா என்று எங்கே கூப்பிட்டாலும் அவனைத்தான் முன்வரிசையில் நிறுத்துவேன். புதுப் பிள்ளைகளிடம் "அண்ணனைப் பாருங்கடா" என்பேன்.

பதினான்கைத் தாண்டியதும், எதிராளியைக் கம்பால் தொட்டுப் புள்ளி எடுக்கும் தொடுமுறைப் போட்டிகளில் தோற்கத் தொடங்கினான். அதுவும் முழங்காலுக்குக் கீழேதான் வாங்கினான். பழைய வீடியோக்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. முன்னேறும்போது இடது குதிகாலை முழுசாக ஊன்றிவிடுகிறான். பாரம் அங்கே இறங்கிவிடுவதால் காலை எடுக்கக் கொஞ்சம் தாமதம். எதிராளிக்கு அது போதும். சேர்ந்த முதல் மாதம் எடுத்த வீடியோவிலும் அதே குதிகால் அப்படியே இருந்தது. கை வேகத்தில் மயங்கிக் காலை யாரும் பார்க்கவில்லை. யாரும் என்ன, நான்தான் பார்க்கவில்லை.

திறமை உள்ளவன் சோம்பேறியாகிக் கெட்டான் என்று இதைச் சொல்லிவிடலாம். நம் வட்டாரத்தில் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அவன் ஒரு நாள்கூட வகுப்புக்கு வராமல் இருந்ததில்லை. அந்த மூன்று வருடத்தில் அவனுக்கு நான் சொன்ன திருத்தங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். பாராட்டுக்குக் கணக்கே இல்லை. அந்த ஆண்டுத் தேர்வோடு நின்றுவிட்டான்.

அதே அணியில் ஒரு பெண் இருந்தாள். கை அவ்வளவு எளிதில் வராது. ஒரு நாளைக்கு ஆயிரம் சுற்று சுற்றச் சொன்னேன். மொட்டைமாடியில் ஒன்றுகூடக் குறைக்காமல் சுற்றினாள். தோளைத் தூக்கிக்கொண்டே சுற்றினாள் என்பது எட்டு மாதம் கழித்து, தலைவாரக் கையைத் தூக்க முடியவில்லை என்று அவள் அம்மா வந்து சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. ஆயிரம் என்ற எண் என்னுடையது. அவள் அதை நம்பினாள், அவ்வளவுதான்.

எண்ணிக்கையை உழைப்பாக நினைக்கும் இந்தப் பழக்கம் இன்று உலக சாதனை மோகத்தில் வந்து நிற்கிறது. மைதானத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை நிறுத்தி, வெயிலில் மணிக்கணக்கில் கம்பு சுற்றவைத்துச் சான்றிதழ் கொடுக்கிறோம். அரை மணி நேரத்துக்குப் பிறகு அந்தக் கைகள் பழகுவது என்ன? களைத்த தோளோடு எப்படியாவது கம்பைக் கீழே விடாமல் வைத்திருக்கும் வித்தை. பிறகு வகுப்பில் அதை அழிக்க நமக்கு ஒரு மாதம் ஆகும்.

பிறவித் திறமையா உழைப்பா என்று இரண்டாகப் பிரிப்பதே எனக்கு இப்போது சரியாகப் படவில்லை. 'ஹெரிடேஜ்' என்ற ஆய்வில், உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாத பல குடும்பத்தாருக்கு 20 வாரம் ஒரே விதமான சைக்கிள் பயிற்சி கொடுத்தார்கள். 1999-ல் முடிவு வெளியானது. உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் நிமிடத்துக்குச் சராசரியாக 400 மில்லிலிட்டர் கூடியிருந்தது. ஆனால் சிலருக்கு ஒரு லிட்டர் வரை கூட, சிலருக்கு ஏறக்குறைய ஒன்றுமே கூடவில்லை. ஒரே வீட்டாரின் முன்னேற்றம் ஓரளவு ஒத்திருந்தது. இந்த வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி பரம்பரை சார்ந்தது என்று கணக்கிட்டார்கள். உழைப்புக்கு உடம்பு இணங்குவதே ஒரு பிறவிக் கூறு என்றால், 'நீ இன்னும் உழைக்கவில்லை' என்று ஒரு பிள்ளையைத் திட்டுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

எதிர்ப்பக்கக் கதை ஜூடோவில் இருக்கிறது. உழைப்புக்கு உதாரணமாக ஜூடோக்காரர்கள் சொல்வது ஜப்பானிய வீரர் கிமுரா மசாஹிகோவை. தோல்விகளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரப் பயிற்சி. ஆள் இல்லாதபோது மரத்தோடு கால்வாரிப் பழகினாராம். 1937 முதல் 1939 வரை மூன்று வருடமும் அகில ஜப்பான் பட்டம் அவருக்கே. ஆனால் குமாமோட்டோவில் அவர் பிறந்தது ஆற்றில் சரளை அள்ளும் குடும்பத்தில். சின்ன வயதிலேயே அப்பாவோடு ஆற்றில் இறங்கி வேலை செய்தவர். ஜூடோப் பாயில் கால் வைக்கும் முன்பே இடுப்பு தயாராகிவிட்டது. முதல் நாள் அவரைப் பிடித்துப் பார்த்தவருக்கு அது பிறவிப் பலமாகத்தான் தெரிந்திருக்கும்.

நம் ஆசான்களின் ஆசான்கள் ஒருவனைப் பார்த்ததும் 'இவனுக்கு வரும்' என்று சொன்ன கதைகளை இந்தக் கண்ணோடு மறுபடி கேட்டுப் பாருங்கள். அவர்களிடம் வந்தவன் பனை ஏறியவன், ஏற்றம் இறைத்தவன், சேற்றில் நடவுக்கு நின்றவன். குதிகாலை எப்போது ஊன்றுவது, எப்போது விடுவது என்று வரப்பே அவனுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. இன்று வருகிறவன் டியூஷன் முடித்துப் புத்தகப் பையோடு ஆட்டோவில் வந்து இறங்குகிறான். அவனுக்குக் காலடியை நாம்தான் முதலிலிருந்து தர வேண்டும். ஆனால் நம் பாடத்திட்டம் பெரும்பாலும் பழைய மாணவனை மனதில் வைத்தே ஓடுகிறது.

இதில் வயதும் குழப்புகிறது. 14 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒன்றாக நிற்கிறார்கள். அந்த வயதில் பதினொரு மாதம் என்பது நாலு விரற்கடை உயரம், அதற்கேற்ற கம்பு நீளம். கனடாவின் ஐஸ் ஹாக்கி அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் என்று 1985-லேயே எழுதிவிட்டார்கள். தேர்வுப் பட்டியல் போடும்போது பிறந்த மாதத்தையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 'திறமை' என்று நாம் டிக் அடித்ததில் எத்தனை வெறும் வளர்த்தி என்று தெரியும்.

நான் இப்போது செய்வது சின்ன வேலை. ஒரு சனிக்கிழமை என் மகளை ஒரு நோட்டோடு ஓரமாக உட்காரவைத்து, யாருக்கு எத்தனை முறை திருத்தம் சொல்கிறேன் என்று எண்ணச் சொன்னேன். இருபத்திரண்டு பிள்ளைகள். ஐந்து பேருக்கு ஒன்றுகூட இல்லை. அவர்களில் மூன்று பேர் அணியிலேயே நன்றாக ஆடுகிறவர்கள். மற்ற இருவர் ரொம்பச் சுமார், அவர்களைத் திருத்திப் பயனில்லை என்று மனது எப்போதோ முடிவு செய்துவிட்டது போலிருக்கிறது.

அன்றிலிருந்து ஆளுக்கு ஒரு பக்கம். என்ன திருத்தம் சொன்னேன், அது எத்தனை நாள் நின்றது என்று மட்டும் எழுதுகிறேன். எத்தனை சுற்று என்ற கட்டமே கிடையாது. ஒரு முறை சொன்னதும் பிடித்துக்கொண்டு மறுவாரம் தொலைக்கிறவர்கள் உண்டு. ஆறு வாரம் சொல்லவைத்துவிட்டுப் பிறகு ஒருநாளும் தவறாதவர்களும் உண்டு. 'வருமா' என்று கேட்கும் அம்மாவிடம் இப்போது அந்தப் பக்கத்தைத்தான் திருப்பிக் காட்டுகிறேன். நேற்று ஒருவர் வாங்கி, எழுத்துக்கூட்டி வாசித்தார்: "செவ்வாய், இடது குதிகால், சொன்னேன். வியாழன், ஊன்றவில்லை. சனி, களைத்ததும் மறுபடி ஊன்றினான்."

"அப்போ அடுத்த செவ்வாய்?" என்றார்.

"செவ்வாய்க்கிழமை நீங்களும் வந்து பாருங்கம்மா" என்றேன்.