ஒரு வாக்கும் ஒரு பெயரும்

சூரங்குடி என்றொரு கற்பனைக் கிராமம். வடக்கூர், தெக்கூர் என்று சாதியால் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. ஊராட்சித் தலைவர் தேர்தல் வருகிறது. இரண்டு பக்கத்து வாக்குகளையும் எண்ணிப் பார்த்தால் சரிசமம். மிஞ்சுவது ஒரேயொரு வாக்கு. அது மரத்தடியில் முடிவெட்டிப் பிழைக்கும் ஒருவனுடையது. மடோன் அஸ்வின் இயக்கத்தில் யோகி பாபு நடித்த ‘மண்டேலா’ படத்தின் முடிச்சு இதுதான். 2021 ஏப்ரல் 6ஆம் திகதி தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல். அதற்கு இரண்டு நாள் முன்னதாகப் படம் நேரே தொலைக்காட்சிக்கு வந்தது.

அரசியல் நையாண்டி தென்னிந்தியாவுக்குப் புதிதல்ல. சோவின் ‘முகமது பின் துக்ளக்’ 1971இல் வந்தது, மணிவண்ணனின் ‘அமைதிப்படை’ 1994இல். கன்னடத்தில் 2018ஆம் ஆண்டு, கர்நாடகத் தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு, ‘ஹம்பிள் பொலிடீஷியன் நோக்ராஜ்’ வெளியானது. வானொலிக் குறும்பு அழைப்புகளில் டேனிஷ் சேட் உருவாக்கிய நோக்ராஜ், பெங்களூரு மாநகராட்சி உறுப்பினராக இருந்துகொண்டு சட்டமன்றக் கனவு காண்கிறவன். இந்த மூன்று படங்களிலும் ரசிகர்கள் சிரித்தது அரசியல்வாதியைப் பார்த்து. ‘மண்டேலா’ கமராவை வாக்காளன் பக்கம் திருப்பியது. அதனாலேயே இலங்கையின் மலையகத்துக்கு அது நெருங்கிய படம்.

முடிவெட்டும் அந்த வாக்காளன் ஊருக்கு ‘இளிச்சவாயன்’. சொந்தப் பெயர் அவனுக்கே தெரியாது. வீடுகளுக்குள் பின்வாசலால்தான் போக வேண்டும். சேமித்த காசு களவு போனதும் தபாலகத்தில் கணக்குத் திறக்கப் போகிறான். கையில் அடையாள அட்டை இல்லை. தபாலக ஊழியரான தேன்மொழி அவனுக்கு ஒரு பெயர் தேடுகிறார். நெல்சன் மண்டேலா என்று எழுதிய பிறகுதான் அவன் அரசாங்கத்தின் கண்ணில் மனிதனாகிறான்.

ஹட்டனிலோ மஸ்கெலியாவிலோ தேயிலைத் தோட்டத்து லயத்து அறையில் உட்கார்ந்து இந்தக் காட்சியைப் பார்க்கும் ஒருவருக்கு, கதை யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. ‘கள்ளத்தோணி’, ‘தோட்டக்காட்டான்’ என்ற வசைகளைப் பெயராகச் சுமந்த சனம் இது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் இந்தச் சனத்தை நாடற்றவர்களாக்கியது. 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம் வந்து வாக்கும் பறிபோனது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் கொழுந்துக்கூடை சுமந்த ஆயிரக்கணக்கானோரின் பெயர் வாக்காளர் இடாப்பில் இல்லை.

1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஆட்களைக் கணக்குப்போட்டுப் பங்கிட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அண்ணன் ஒரு நாட்டுக்கும் தங்கை இன்னொரு நாட்டுக்குமாகக் குடும்பங்கள் பிரிந்தன. 1977இல் மலையகத் தலைவர் தொண்டமான் நுவரெலியா–மஸ்கெலியாவில் வென்று பாராளுமன்றம் போனபோது, 1947க்குப் பின் முப்பது வருடம் ஓடியிருந்தது. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டத்துக்கு 2003ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. டிரங்குப் பெட்டியின் அடியில், சேலை மடிப்புக்குள், பொலித்தீன் பையில் சுற்றிப் பிரஜாவுரிமைப் பத்திரத்தைக் காத்துவைத்த பாட்டிமார்களுக்கு ஒரு வாக்கின் எடை தெரியும்.

படத்துக்கு வரவேற்பும் இருந்தது, காயமும் இருந்தது. 68ஆவது தேசிய விருதுகளில் சிறந்த அறிமுக இயக்கத்துக்கும் வசனத்துக்கும் பரிசு கிடைத்தது. 2023இல் தெலுங்கில் ‘மார்ட்டின் லூதர் கிங்’ என்று மறுவடிவம் பெற்றது. முடிதிருத்தும் சமூகத்தினரோ தங்களை இழிவுபடுத்தும் காட்சிகள் உள்ளன என்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்த வலியைத் தட்டிக்கழிக்க முடியாது. இழிவைக் கண்டிப்பதற்காகவே காட்டினாலும், அதைத் தினமும் அனுபவிக்கிறவருக்குத் திரையிலும் அது சுடும்.

இந்தப் பத்திக்கு முக்கியமானது படத்தின் பிற்பாதி. முதலில் மண்டேலா இரு வேட்பாளர்களும் தரும் சாப்பாட்டையும் துணியையும் கடையையும் வாங்கிக்கொள்கிறான். தேர்தல் நெருங்கும்போது தோட்டத்துக்கு வந்திறங்கும் கூரைத்தகரத்தையும் கோயில் ஒலிபெருக்கியையும் போலத்தான் அதுவும். பிறகு அவன் தனக்குக் கேட்பதை நிறுத்துகிறான். ஊருக்குத் தெருவிளக்கு, கழிப்பறை, பாதை என்று கேட்கத் தொடங்குகிறான். அதே வாக்குத்தான், கேட்கும் பொருள் மாறியதும் இரண்டு வேட்பாளர்களும் வேலை செய்ய ஓடுகிறார்கள்.

படம் வந்ததற்கு முந்தைய மாதம்தான் இங்கே தோட்டத் தொழிலாளருக்கு 1,000 ரூபாய் நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்தது. அந்த ஆயிரம் 2015 முதல் எத்தனை மேடைகளில் முழங்கியது என்று பெரட்டுக் களத்தில் நிற்கும் எவரும் சொல்வார். காணி உறுதியும் தனி வீடும் அப்படித்தான் மேடைக்கு மேடை வருகின்றன. 2023இல் மலையக மக்கள் வந்து 200 வருடம் ஆனதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தவர்களின் கோரிக்கைகளிலும் காணி இருந்தது.

தேன்மொழி தன் தபாலகத்திலிருந்து மண்டேலாவுக்கு ஒரு பெயரையாவது எடுத்துக் கொடுத்தார். இங்கே பல தோட்டங்களில் லயத்துக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் போகிறது. நேர்முகத் தேர்வுக்கு அழைத்த கடிதம் திகதி கடந்து கையில் கிடைத்தது என்ற கதை இல்லாத தோட்டம் அரிது. அடுத்த தேர்தலுக்கு லயத்து வாசலில் வந்து நிற்கும் வேட்பாளரிடம், தகரம் எத்தனை என்று கேட்பதற்கு முன், இந்த வீட்டுக்கு இலக்கம் எப்போது என்று கேட்கலாம்.