தாள வாத்தியத்தில் பெண்கள்: தீராத கணக்கு

மார்கழி பிறந்துவிட்டால் ராயப்பேட்டையில் டி.டி.கே. சாலையின் போக்கே மாறிவிடும். மியூசிக் அகாதெமி வாசலில் கார்கள் நிற்க இடமிருக்காது. சிற்றுண்டிச்சாலையில் வரிசை நீளும். அங்கே கச்சேரி கேட்கப் போகும் எனக்குப் பல ஆண்டுகளாக ஒரு பழக்கம். திரை விலகியதும் பாடுபவரைப் பார்ப்பதற்கு முன்னால், அவருடைய வலப்பக்கம் அமர்ந்திருப்பவரைப் பார்ப்பேன். பாடுபவர் பெண்ணாக இருப்பார். வயலின் வாசிப்பவரும் சில வேளைகளில் பெண்ணாக இருப்பார். மிருதங்கத்துக்குப் பின்னால் அநேகமாக ஓர் ஆண்தான் இருப்பார். கடமோ கஞ்சிராவோ இருந்தால், அங்கும் அப்படியே.

அகாதெமியின் விருதுப் பட்டியலும் இதே கதையைத்தான் சொல்கிறது. மிருதங்க வித்வான் ஒருவருக்குச் ‘சங்கீத கலாநிதி’ முதன்முறையாகக் கிடைத்தது 1966-இல்; பெற்றவர் பாலக்காடு மணி ஐயர். இரண்டே ஆண்டுகளில், 1968-இல், எம்.எஸ். சுப்புலட்சுமி அவ்விருதைப் பெற்ற முதல் பெண் கலைஞரானார். 2016-இல் வயலின் கலைஞர் ஏ. கன்யாகுமரிக்கு வழங்கப்பட்டபோது, பக்கவாத்தியம் வாசிக்கும் பெண்ணுக்கும் அந்த மேடை திறந்தது. ஆனால் தாள வாத்தியம் வாசிக்கும் பெண் ஒருவரை அந்தப் பட்டியலில் இன்றுவரை காண முடியவில்லை.

தகுதியுள்ளவர்கள் இல்லை என்று யாரேனும் சொன்னால், அவர்கள் வரலாற்றைப் புரட்ட வேண்டும். 1910-இல் பிறந்த திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள், புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையிடம் பயின்று மேடையேறி மிருதங்கம் வாசித்தவர். ஆந்திரத்தின் தண்டமூடி சுமதி 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். ஆக, முதல் பெண் எப்போதோ வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசை உருவாகாமல் போனது ஏன் என்பதே கேள்வி.

சுகன்யா ராம்கோபாலின் வாழ்க்கை இதற்கு விடை தருகிறது. மயிலாடுதுறையில் 1957-இல் பிறந்த அவர், விக்கு விநாயக்ராமின் தந்தை ஹரிஹர சர்மா நடத்திய சென்னைப் பள்ளிக்கு வயலின் கற்கவே சென்றார். காது மட்டும் மிருதங்க வகுப்பின் பக்கம் போயிற்று. சர்மா மிருதங்கம் கற்பித்தார். பின்னர் கடம் வேண்டும் என்று சிறுமி கேட்டபோது, பெண்ணின் விரல்கள் தாங்குமா என்று விக்கு தயங்கினார். முதியவரான சர்மாதான் ஊக்கம் கொடுத்து வழியைத் திறந்துவிட்டார். விக்குவின் பாணியை இன்று விரிவாக எழுதியும் வாசித்தும் காட்டுபவர்களில் ஒருவர் அதே சுகன்யா. பெங்களூரில் வாழும் அவருக்கு 2014-ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாதெமி விருதும் வழங்கப்பட்டது.

விரல் வலிமை பற்றிய வாதத்தை நான் ஒருபோதும் ஏற்றதில்லை. அந்தக் கடம் எங்கிருந்து வருகிறது? மானாமதுரையிலிருந்து. அவ்வூரில் ஈரமண்ணைத் தட்டித் தட்டிக் கனம் சேர்த்து, சுருதி பேசும் பானையாக்கியவர்களில் ஒருவர் மீனாட்சி கேசவன். இந்தக் கைத்தொழிலுக்காகவே சங்கீத நாடக அகாதெமி விருது பெற்றவர். பானையை உருவாக்கும் கை பெண்ணுடையதாக இருக்கலாம். அதில் தாளம் எழுப்பும் கை மட்டும் பெண்ணுடையதாக இருக்கக் கூடாதா?

உண்மையான தடை கச்சேரியின் அமைப்பில் இருக்கிறது. பாடகி தம் பெயரால் அழைக்கப்படுகிறார். பக்கவாத்தியக்காரர் பிறர் விருப்பத்தால் அழைக்கப்படுகிறார். கடம் உபபக்கவாத்தியம் என்பதால் அந்த வரிசையிலும் கடைசி. பாடகர், சபா நிர்வாகி, மிருதங்க வித்வான் என மூவரும் இசைய வேண்டும். ஒருவர் முகம் சுளித்தாலும் போதும். தம்முடன் வாசிக்க மூத்த வித்வான்கள் மறுத்ததையும், அதனால் தாம் விலக்கப்பட்டதையும் சுகன்யா நேர்காணல்களில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். வயலினுக்கு இந்தச் சிக்கல் ஏன் குறைவு? தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறி மாறிக் கேள்வி பதிலாக வாசிக்கும். கணக்கு வழக்கு அங்கே பகிரங்கமாகிவிடும். ஒரு பெண்ணை வென்றால் பெருமையில்லை, அவரிடம் தடுமாறினால் சிறுமை என்ற மனக்கணக்கு சில வித்வான்களுக்கு இருந்தது. இன்னும் முற்றாகப் போய்விட்டதாகத் தோன்றவில்லை. மணி ஐயரே நெடுங்காலம் பாடகியருக்கு வாசிக்காதவர். டி.கே. பட்டம்மாளுக்காகத்தான் அந்த வழக்கத்தைத் தளர்த்தினார். மேதைமை மாறாமலேயே மனம் மாற முடியும் என்பதற்கு அது சான்று.

இது கர்னாடக இசைக்கு மட்டும் உரிய நோயல்ல. அமெரிக்க ஜாஸ் டிரம்மர் வயோலா ஸ்மித், உலகப் போர் நடந்த 1942-இல், போர்முனைக்குப் போன ஆண்களின் இடத்தில் பெண்களை வாசிக்க விடுங்கள் என்று ‘டவுன் பீட்’ இதழில் எழுதினார். அதற்கு 72 ஆண்டுகளுக்குப் பிறகுதான், 2014-இல், டெரி லின் கேரிங்டன் சிறந்த ஜாஸ் கருவியிசைத் தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்ற முதல் பெண்ணானார். அவர் அத்துடன் நிற்காமல், 2018-இல் பெர்க்லீ கல்லூரியில் ஜாஸ் இசையில் பாலின நீதிக்கென்றே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். உமையாள்புரம் சிவராமனின் மாணவியும் அமெரிக்காவில் வளர்ந்தவருமான ராஜ்னா சுவாமிநாதனுக்கு, மிருதங்கத்துடன் அந்த ஜாஸ் உலகில்தான் தாமே அணித்தலைவியாக இருக்க முடிந்தது. 2019-இல் அவர் தம் குழுவின் இசைத்தொகுப்பையும் வெளியிட்டார். துணைவாத்தியம் என்ற நாற்காலியே இல்லாத இடத்துக்கு அவர் நகர்ந்தார் என்று சொல்லலாம். சுகன்யா இங்கேயே அதைச் செய்து பார்த்தார். 1995-இல் ‘ஸ்த்ரீ தாள் தரங்’ என்ற மகளிர் குழுவைத் தொடங்கினார். வெவ்வேறு சுருதியில் பல கடங்களை வைத்து ‘கட தரங்’ வாசித்தார். கதவைத் திறக்காதவர்களிடம் காத்து நிற்பதைவிட வேறு வீடு கட்டுவது மேல் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் டிரம்மர்கள் பலரை வளர்த்தது கறுப்பின மக்களின் தேவாலயம். தமிழகத்தில் அதற்கு இணையான காட்சியை நான் ராயப்பேட்டையில் அல்ல, திண்டுக்கல்லில்தான் தேடுவேன். கத்தோலிக்கத் துறவியான சகோதரி சந்திரா வழிநடத்தும் சக்தி கலைக் குழுவில் தலித் இளம்பெண்கள் பறையடித்து ஆடுகிறார்கள். சாவுக்கு அடிப்பது என்று இழிவாகச் சொல்லப்பட்ட கருவி, ஆண்களுடையது என்று ஒதுக்கப்பட்ட கருவி. இரண்டு பூட்டையும் அவர்கள் ஒருசேர உடைத்தார்கள். பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். அந்த மகிழ்ச்சி இப்பெண்களின் பக்கமும் திரும்ப வேண்டும்.

சபாக்களிடம் நான் எதிர்பார்ப்பது இட ஒதுக்கீடு அல்ல. மகளிர் தினத்தன்று மகளிர் மட்டும் வாசிக்கும் கச்சேரியும் அல்ல. அது வருடத்தில் ஒரு நாள் சோறு போட்டு மற்ற நாள் பட்டினி போடுவது. மாலைக் கச்சேரிகளில் மூத்த பாடகர்களுக்குப் பெண் மிருதங்கக் கலைஞரை நிர்வாகமே நியமிக்கலாம். பெரிய பாடகர்கள், குறிப்பாகப் பாடகியர், தங்கள் அணியைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் நிலையில் இருப்பவர்கள். அவர்கள் கேட்டால் எந்தச் சபாவும் மறுக்காது. பெண்ணுடன் அமரமாட்டேன் என்று ஒரு வித்வான் சொன்னால், இதுவரை பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது அந்தப் பெண்ணின் பெயர். அடுத்த பருவத்தில் அந்த வித்வானின் பெயரை நீக்கிவிட்டு அழைப்பிதழை அச்சுக்கு அனுப்பட்டும்.