திரும்பி வந்த மணிகள்

நண்பகலில் நம் பள்ளிக் கோயிலின் மணி ஒலித்ததும், ஓடிக்கொண்டிருப்பவளும் நின்று மூவேளைச் செபம் சொல்கிறாள். அந்த மணியை ஒருநாள் அந்நியப் படை கழற்றிக்கொண்டு போனால் நமக்கு எப்படி இருக்கும், தோழிகளே? பிலிப்பைன்ஸ் நாட்டில், சாமார் தீவிலுள்ள பலங்கிகா என்னும் ஊருக்கு அந்தக் கதிதான் நேர்ந்தது.

1898-ஆம் ஆண்டு அமெரிக்கா ஸ்பெயினைப் போரில் வென்றது. அவ்வாண்டு ஜூன் 12-இலேயே பிலிப்பைன்ஸ் மக்கள் தங்கள் விடுதலையை அறிவித்துவிட்டனர். ஆயினும் டிசம்பரில் பாரிஸில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, 2 கோடி டாலர் கொடுத்து அந்நாட்டை ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா பெற்றுக்கொண்டது. அங்கு வாழ்ந்த மக்களை ஒருவரும் கேட்கவில்லை. சந்தையில் மாடு கைமாறுவது போல் ஒரு நாடே கைமாறியது! அந்நிய ஆட்சியை எதிர்த்துப் போராடி விடுதலை பெற்ற அமெரிக்காவே இதைச் செய்தது என்பதுதான் வேதனை.

1899-இல் போர் மூண்டது. 1901 செப்டம்பர் 28 அன்று பலங்கிகா மக்கள், தங்கள் ஊரில் தங்கியிருந்த அமெரிக்கப் படையைத் தாக்கினர். 48 வீரர்கள் மாண்டனர். கோயில் மணியே தாக்குதலுக்கு அடையாளமாக ஒலித்தது என்பர். இதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் பழிவாங்கப் புறப்பட்ட தளபதி ஜேக்கப் ஸ்மித், ஆயுதம் ஏந்தக்கூடிய பத்து வயதுக்கு மேற்பட்டோரைக் கொல்லுமாறு ஆணையிட்டார். பத்து வயது! நம் பள்ளியில் அது ஐந்தாம் வகுப்பு. 1902-இல் இராணுவ நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. ஆனால் அவர் சிறை செல்லவில்லை. கண்டிக்கப்பட்டு, ஓய்வில் அனுப்பப்பட்டார். கோயிலின் மூன்று மணிகளும் வெற்றிச் சின்னங்களாகக் கடல் கடந்தன.

"அமெரிக்கர் பள்ளிகளைத் திறந்தார்களே!" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். 1901-இல் 'தாமஸ்' என்ற கப்பலில் ஏறத்தாழ 500 ஆசிரியர்கள் வந்தனர். அவர்களுள் பலர் நல்ல மனத்தோடே வந்திருப்பர். கல்வி பெரிய கொடை. ஆனால் கேட்காமல் வீட்டுக்குள் நுழைந்தவன் விளக்கேற்றி வைத்தான் என்பதற்காக வீடு அவனுடையது ஆகிவிடுமா? அமெரிக்காவிலேயே மார்க் ட்வெயின் போன்றோர் இதைக் கண்டித்து எழுதினர். ஆகவே ஒரு நாட்டு மக்கள் அனைவரையும் வெறுப்பதும் தவறு. பேராசையைத்தான் வெறுக்க வேண்டும்.

1946 ஜூலை 4 அன்று பிலிப்பைன்ஸ் விடுதலை பெற்றது. மணிகளோ 2018 டிசம்பரில்தான், 117 ஆண்டுகளுக்குப் பின், ஊர் திரும்பின.

திருடியதைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாவிட்டால் பாவசங்கீர்த்தனம் பயன் தராது என்று நமக்கு மறைக்கல்வி வகுப்பில் கற்பித்திருக்கிறார்கள். இது தனி மனிதருக்கு மட்டுமா? நாடுகளுக்கும்தான் என்பது என் எண்ணம். மணிகளைத் திருப்பித் தந்தது நல்ல செயல். சாமாரில் மடிந்தவர்களை யாராலும் திருப்பித் தர முடியாது. அவர்களுக்கு இனி நாம் தரக்கூடியது ஒன்றே: நடந்ததை நடந்தபடி படிப்பதும், சொல்வதும்.

— பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி