நினைவகம் குறைவு என்றால் கடைக்கு ஓட வேண்டுமா?

மாணவர்களே,

இடுபணியைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது திரையில் ஓர் அறிவிப்பு வருகிறது. ‘கணினியில் நினைவகம் குறைவு, கோப்புகளைச் சேமித்துவிட்டு நிரல்களை மூடுங்கள்’ என்கிறது. வீட்டில் என்ன சொல்வார்கள்? “வைரஸ் வந்துவிட்டது”, “ஃபார்மட் செய்யணும்”, “பழசாகிப் போச்சு, புதுசு வாங்கணும்!” காரணம் தெரியாமல் சொல்லும் இந்த மூன்றுமே அவசரத் தீர்ப்புகள் என்பது என் கருத்து.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. பாடங்கள் இணையத்துக்கு மாறின. கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டக் குடும்பங்கள் பலவும் அப்போது எப்படியோ ஒரு கணினியை வாங்கின. இன்றும் அண்ணன், அக்கா, தம்பி எல்லோருக்கும் அது ஒன்றுதான். செம்பனைக் காட்டில் வெயிலில் உழைத்த பணத்தை மறுபடியும் செலவழிக்கும் முன், என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டிய பொறுப்பு அறிவியல் படிக்கும் உங்களுக்கு உண்டு.

நினைவகம் வேறு, சேமிப்பகம் வேறு. சமையலறையை நினைத்துப் பாருங்கள். பொருள்களை அடுக்கி வைக்கும் அலமாரிதான் சேமிப்பகம், அதாவது வன்தட்டு. காய் நறுக்கும் மேடைதான் ரேம் எனப்படும் நினைவகம். 500 ஜிபி அலமாரி இருந்தாலும், மேடை 4 ஜிபிதான் என்றால் ஒரே நேரத்தில் அதற்குள் அடங்கும் வேலையைத்தான் செய்ய முடியும்.

மேடை நிரம்பினால் விண்டோஸ் சில பாத்திரங்களை அலமாரியின் ஒரு மூலைக்கு மாற்றி வைக்கும். இதற்கு மெய்நிகர் நினைவகம் என்று பெயர். 1962-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியில் இந்த உத்தி இருந்தது. ஆனால் சுழலும் வன்தட்டு ரேமைவிடப் பல்லாயிரம் மடங்கு மெதுவானது. அதனால்தான் எச்சரிக்கை வருவதற்கு முன்பே கணினி நத்தையாகிறது. சி டிரைவும் நிரம்பியிருந்தால் அந்த மூலையைப் பெரிதாக்க இடமிருக்காது. எச்சரிக்கை அப்போது இன்னும் விரைவில் வரும்.

இந்தச் சிக்கல் நிலவுக்குப் போன கணினிக்கும் வந்திருக்கிறது. 1969 ஜூலை 20 அன்று, அப்போலோ 11 தரையிறங்கிக்கொண்டிருந்தபோது கணினி 1202 என்ற எச்சரிக்கையைக் காட்டியது. புதிய வேலைகளை ஏற்க அதன் நினைவகத்தில் இடமில்லை என்பது அதன் பொருள். கணினி முக்கியமற்ற வேலைகளைக் கைவிட்டு, தரையிறங்கத் தேவையானவற்றைத் தொடர்ந்தது. எச்சரிக்கையின் பொருளைத் தெரிந்துவைத்திருந்த பொறியாளர்கள் பயணத்தைத் தொடரச் சொன்னார்கள்.

நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டும். முதலில் இடுபணியைச் சேமியுங்கள். பிறகு கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். ‘மெமரி’ என்ற தலைப்பைச் சொடுக்கினால், அதிக இடம் பிடிக்கும் நிரல் மேலே வரும். பெரும்பாலும் அது இருபது பக்கங்களைத் திறந்து வைத்திருக்கும் உலாவியாக இருக்கும். தேவையில்லாதவற்றை மூடுங்கள். கணினியைத் திறந்ததும் தானாகத் தொடங்கும் நிரல்களை ‘ஸ்டார்ட்அப்’ பகுதியில் நிறுத்துங்கள். ‘ஷட் டவுன்’ செய்வதைவிட ‘ரீஸ்டார்ட்’ செய்யுங்கள். பல கணினிகளில் ‘ஷட் டவுன்’ விண்டோஸை முழுமையாகப் புதிதாகத் தொடங்குவதில்லை.

அடுத்து ஒரு சோதனை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த நிரலின் அளவை அட்டவணையில் எழுதுங்கள். நீங்கள் எதுவும் செய்யாதபோதும் எண் ஏறிக்கொண்டே போனால், அந்த நிரல் வாங்கிய நினைவகத்தைத் திருப்பித் தருவதில்லை என்று சந்தேகிக்கலாம். அதைப் புதுப்பியுங்கள் அல்லது நீக்குங்கள். பட்டியலில் அறியாத பெயர் இருந்தால், அப்போது வைரஸ் சோதனை செய்யுங்கள். ‘நினைவகத்தைப் பெருக்கும்’ இலவச மென்பொருள்களை நம்ப வேண்டாம். மென்பொருளால் மேடையை அகலமாக்க முடியாது.

சில கணினிகளுக்கு உண்மையிலேயே ரேம் போதாது. விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச அளவே 4 ஜிபி. ஒரே ஒரு பாடப் பக்கத்தைத் திறந்தாலும் எச்சரிக்கை வருகிறதென்றால் கடைக்குப் போகலாம். அங்கே “ஃபார்மட் செய்யுங்கள்” என்று சொல்லாமல், “ரேம் கூட்ட முடியுமா, டிடிஆர்3 வகையா, டிடிஆர்4 வகையா?” என்று கேளுங்கள். ஃபார்மட் செய்தாலும் ரேமின் அளவு கூடாது. நகல் எடுத்து வைக்காவிட்டால் உங்கள் இடுபணியும் தங்கையின் படங்களும் அழிந்துபோகும். சில மடிக்கணினிகளில் ரேமை மாற்றவே முடியாது. அதையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, புதியது வாங்குவதா என்று அப்பா அம்மாவுடன் பேசுங்கள். அப்போது உங்கள் அட்டவணையையும் அவர்களிடம் காட்டுங்கள்.