தீப்பட்ட மரத்தை வெட்ட என்ன அவசரம்?

கரும்பு வெட்டிய வயலில் தோகைக்குத் தீ வைக்கிறோம். காற்று திரும்பினால் வரப்பு வேம்பும் கருகிவிடுகிறது. "மரம் போய்விட்டது, விறகுக்காவது ஆகட்டும்" என்று மறுநாளே கோடரியைத் தூக்குகிறோம். இந்த அவசரம் கூடாது என்பதற்கு அமெரிக்கக் காடு ஒன்று சாட்சி சொல்கிறது.

எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1988 கோடையில் மூண்ட தீ, சுமார் 8 லட்சம் ஏக்கரில் பரவியது. காடு அழிந்தே போயிற்று என்று பலர் வருந்தினர். ஆனால், பெரிய அளவில் கன்று நடாமலேயே காடு மீண்டும் தழைத்தது. எப்படி?

தீ எல்லா இடத்தையும் ஒரே சீராக எரிக்கவில்லை. இடையிடையே தப்பி நின்ற மரங்கள் விதை கொடுத்தன. அங்குள்ள ஒருவகைப் பைன் மரத்தின் காய்கள் பிசினால் மூடியிருக்கும். தீயின் சூட்டில் அவை திறந்து விதையை உதிர்த்தன.

விதை விழுந்தால் மட்டும் போதாது. பைன் கன்றின் வேரில் பூசண இழைகள் சேர வேண்டும். வேர் எட்டாத இடத்து நீரையும் மணிச்சத்தையும் அவை கொண்டுவந்து தரும். மரம் தன் சர்க்கரையைக் கூலியாகக் கொடுக்கும். பெரும்பாலான இடங்களில் சூடு ஆழமாக இறங்காததால், அடிமண்ணில் பூசணம் பிழைத்திருந்தது. உயிருள்ள மரம்தான் அதற்குச் சோறு போடும் வீடு.

நம் வேம்பு, கரும்பு, உளுந்து வேர்களில் இருப்பது வேறு வகை. 'வேர் உட்பூசணம்' என்பார்கள். கொடுக்கல் வாங்கல் மட்டும் அதேதான்.

"அப்படியானால் தீ நல்லதுதானே?" என்று கேட்கலாம். அந்தப் பைன் காட்டில் பெருந்தீ நூறாண்டுக்கும் மேற்பட்ட இடைவெளியில் வந்தது. நாமோ ஆண்டுதோறும் கொளுத்துகிறோம். பூசணம் மிகுந்திருப்பதோ மேல்மண்ணில்! அது எப்போதுதான் தேறுவது?

ஆகவே விவசாயிகளே, கருகிய மரத்தின் பட்டையை நாலைந்து இடத்தில் கத்தியால் இலேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் ஒரு மழைக்காலம் விட்டுவையுங்கள். பாதையோரம் சாயும் நிலையில் உள்ள மரத்தை மட்டும் அப்புறப்படுத்துங்கள். தோகையை எரிக்காமல் பார் இடைவெளியில் பரப்புங்கள், மக்கி உரமாகும். ஈரமும் காக்கும்.

தீக்குச்சி செலவில்லாதது என்று நினைக்கிறோம். அதற்கான விலையை மண் கொடுக்கிறது.