கைப்பேசியின் விலையும் 24 மாதக் கையொப்பமும்



குனோங் ராபாட்டிலிருந்து ஈப்போ நகர் நோக்கிச் செல்லும்போது கைப்பேசிக் கடைகளின் பதாகைகளைச் சற்றே கூர்ந்து படித்துப் பாருங்கள். பல பதாகைகளில் கைப்பேசியின் விலையே பெரிய எழுத்தில் இருப்பதில்லை. ‘0 ரிங்கிட்’, ‘1 ரிங்கிட்’, ‘மாதம் இவ்வளவு மட்டுமே’ என்பவைதாம் கண்ணைப் பறிக்கும். ‘24 மாத ஒப்பந்தம்’, ‘விதிமுறைகளுக்கு உட்பட்டது’ என்னும் சொற்கள் அடியில், எறும்பு ஊர்ந்ததுபோல் இருக்கும். பெரிய எழுத்து வாங்க வைப்பதற்கு. சிறிய எழுத்து கட்ட வைப்பதற்கு.

தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபின், திறன்பேசி நம் வீடுகளில் புத்தகப்பையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அவ்வாண்டு கல்வி அமைச்சு நடத்திய ஆய்வில் மாணவர்களில் 36.9 விழுக்காட்டினரிடம் எந்தக் கருவியுமே இல்லை என்று தெரியவந்தது. இல்லிருப்புக் கற்றலுக்காக அவசர அவசரமாகக் கைப்பேசி வாங்கிய குடும்பங்கள் ஏராளம். கையில் மொத்தப் பணம் இல்லாதவர்கள் ஒப்பந்தத்தில் வாங்கினார்கள். பள்ளிகள் திறந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. பழக்கம் மட்டும் நின்றுவிட்டது. இன்றும் ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளி செல்லும் பிள்ளைக்குக் கைப்பேசி வாங்க எண்ணும் பெற்றோர், ‘எது ஐயா மலிவு? ஒப்பந்தமா, ரொக்கமா?’ என்று நம்மைத்தான் கேட்கின்றனர். கணக்குப் போடத் தெரிந்தவர் என்று நம்பிக் கேட்கின்றனர். ஆகவே கணக்குப் போட்டே பார்ப்போம்.

கீழே உள்ளவை எந்த நிறுவனத்தின் விலையும் அல்ல. கணக்கு விளங்குவதற்காக நான் அமைத்துக்கொண்ட எண்கள்.

கடையில் ரொக்கம் கொடுத்தால் 1,100 ரிங்கிட் விலையுள்ள ஒரு கைப்பேசி. அதே கைப்பேசியை மாதம் 98 ரிங்கிட் கட்டணத் திட்டத்தில் 24 மாத ஒப்பந்தம் செய்தால் 199 ரிங்கிட்டுக்குத் தருகிறார்கள். 901 ரிங்கிட் கழிவு! யாருக்குத்தான் மனம் ஓடாது? இனி 98ஐ 24ஆல் பெருக்குங்கள். 2,352 ரிங்கிட். தொலைத்தொடர்புக் கட்டணத்துக்கு 6 விழுக்காடு சேவை வரி உண்டு. (2024 மார்ச் முதல் பல சேவைகளுக்கு இவ்வரி 8 விழுக்காடாக உயர்ந்தபோதும் தொலைத்தொடர்புக்கு 6ஆகவே விடப்பட்டது.) அந்த வரி 141 ரிங்கிட் 12 சென். கைப்பேசிக்குக் கொடுத்த 199ஐயும் கூட்டினால் இரண்டு ஆண்டுகளில் கையைவிட்டுப் போவது 2,692 ரிங்கிட் 12 சென்.

ரொக்கம் கொடுத்து வாங்கி, மாதம் 35 ரிங்கிட்டுக்கு ப்ரீபெய்ட் போட்டுக்கொள்ளும் குடும்பத்துக்கு எவ்வளவு ஆகும்? 1,100ஓடு 840. மொத்தம் 1,940 ரிங்கிட். 901 ரிங்கிட் கழிவு பெற்றவர்தான் 752 ரிங்கிட் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்.

இதைக் கண்டு, ஒப்பந்தம் என்றாலே ஏமாற்று என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அதுவும் தவறான கணக்கே. வீட்டிலிருந்தே இயங்கலை வணிகம் செய்பவர், லாரி ஓட்டிக்கொண்டு நாள் முழுவதும் வரைபடம் பார்ப்பவர், இவர்கள் ஏற்கெனவே மாதம் நூறு ரிங்கிட் செலவழிப்பவர்களாயின் அந்த 901 ரிங்கிட் உண்மையான கழிவுதான். மேற்கண்ட எண்களின்படி எல்லை எங்கே விழுகிறது என்று பார்த்தேன். இப்போதே மாதம் ஏறத்தாழ 66 ரிங்கிட்டுக்கு மேல் செலவழிப்பவருக்கு ஒப்பந்தம் இலாபம். அதற்குக் கீழே செலவழிப்பவருக்கு நட்டம். ஆகவே கடைக்காரரிடம் ‘கைப்பேசி என்ன விலை?’ என்று கேட்பதற்கு முன், ‘நான் இப்போது மாதம் எவ்வளவு செலவழிக்கிறேன்?’ என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். பெரும்பாலோர் இதற்கு உடனே விடை சொல்வதில்லை. பத்து ரிங்கிட், ஐந்து ரிங்கிட் என்று உதிரியாகப் போவதைக் கூட்டி வைத்திருப்பவர் யார்?

இந்த வித்தை புதிதன்று. 2008 ஜூன் மாதம் அமெரிக்காவில் ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 3ஜி கைப்பேசியை 199 டாலர் என்று அறிவித்தது. அதற்கு முந்தைய ஐபோனின் விலை 399 டாலர். உலகமே கைதட்டியது. ஆனால் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் மாத இணையக் கட்டணம் 20 டாலரிலிருந்து 30 டாலராக உயர்ந்திருந்தது. மாதம் பத்து டாலர், 24 மாதம், 240 டாலர். விலையில் 200 குறைந்து, கட்டணத்தில் 240 ஏறிற்று! அதே ஐபோன் 3ஜியை 2009 மார்ச்சில் மேக்சிஸ் நிறுவனம் மலேசியாவுக்குக் கொண்டுவந்தது. ஒப்பந்தத்தில் கைப்பேசி வாங்கும் பழக்கம் நம் நடுத்தரக் குடும்பங்களிடையே வேர்விட்டது ஏறக்குறைய அக்காலத்தில்தான். 2013இல் அமெரிக்காவின் டி-மொபைல் நிறுவனம் இந்த முறையைக் கைவிட்டு, கைப்பேசியின் விலையைத் தனியாகவும் சேவைக் கட்டணத்தைத் தனியாகவும் எழுதத் தொடங்கியது. இங்கும் அத்தகைய தவணைத் திட்டங்கள் பின்னர் வந்தன. இரண்டும் தனித்தனியே எழுதப்பட்டிருந்தால் நமக்கு நன்மை. தவணை முடிந்த மாதமே கட்டணம் குறைந்துவிடும். ஒன்றாகக் கலந்து எழுதியிருந்தால், கைப்பேசியின் விலை கட்டி முடிந்தபின்னும் நாம் அதே தொகையைக் கட்டிக்கொண்டிருப்போம். யாரும் தொலைபேசியில் அழைத்து ‘முடிந்துவிட்டது’ என்று சொல்லப்போவதில்லை.

இதுவரை கூட்டலும் பெருக்கலும். என்னை உண்மையில் கவலைகொள்ளச் செய்வது இந்தக் கணக்கில் வராத செலவு.

நம் மாணவர்களின் பெற்றோருள் பலர் தோட்டத்தை விட்டு நகர்ப்புறத்துக்கு வந்த தலைமுறையின் பிள்ளைகள். தொழிற்சாலை, பாதுகாவல், துப்புரவு, லாரி என்று வேலை. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். மிகுதிநேர வேலை கிடைக்கும் மாதத்தில் அது 2,300 ஆகலாம். கிடைக்காத மாதத்தில் 1,700இலேயே நிற்கும். வருமானம் இவ்வாறு ஏறி இறங்கும் குடும்பத்தில் செலவும் ஏறி இறங்க இடம் இருக்க வேண்டும். ப்ரீபெய்ட் அந்த இடத்தைத் தருகிறது. பணம் இல்லாத வாரத்தில் ஐந்து ரிங்கிட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒன்றுமே போடாமலும் இருக்கலாம். அதற்காக எவரும் நம்மைத் தேடி வரமாட்டார். ஒப்பந்தத்துக்கு நல்ல மாதம், கெட்ட மாதம் தெரியாது. நாம் விற்றுவிட்டு வருவது அந்த நெகிழ்வைத்தான். அதன் விலை எந்தப் பதாகையிலும் இல்லை.

இரண்டு மூன்று மாதம் கட்டாமல் விட்டால் இணைப்பு துண்டிக்கப்படும். எஞ்சிய மாதங்களுக்கான தண்டத்தொகை வரும். பிறகு கடன் வசூலிப்போரின் கடிதம். பெயர் சிடிஓஎஸ் பட்டியலில் ஏறிவிட்டால், பிற்பாடு மோட்டார் சைக்கிள் கடனுக்குப் போகும்போதுதான் அது தெரியவரும். ஒரு கைப்பேசிக்காக மோட்டார் சைக்கிள் கிடைக்காமல் போவதும், மோட்டார் சைக்கிள் இல்லாததால் இரவு வேலைக்குப் போக முடியாமல் ஆவதும் கதையன்று.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 18 வயது நிறையாத பிள்ளையின் பெயரில் ஒப்பந்தம் செய்ய முடியாது. ஆகவே கையொப்பம் பெற்றோருடையது. தகப்பனாரின் பெயர் ஏற்கெனவே பட்டியலில் இருந்தால்? அக்காள் மகனின் அடையாள அட்டை, தங்கையின் அடையாள அட்டை என்று இரவல் தொடங்குகிறது. ‘உங்கள் பெயரில் போடுங்கள், மாதாமாதம் நான் கொடுத்துவிடுகிறேன்’ என்று மாமாவிடம் கேட்டால் அவர் மறுக்கவும் கூசுவார். சட்டத்தின் பார்வையில் கடனாளி கையொப்பமிட்டவரே. கைப்பேசி ஒரு வீட்டில், கடன் இன்னொரு வீட்டில். தீபாவளிக்கு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகாமலிருக்கும் அளவுக்குச் சில குடும்பங்களில் இது முற்றியதை நான் அறிவேன்.

கைப்பேசியின் ஆயுளையும் எண்ண வேண்டும். பத்தாம் மாதம் கண்ணாடி உடைந்தாலும் பதினான்கு மாதம் கட்டத்தான் வேண்டும். பிள்ளைகள் கையில் இருக்கும் கருவிக்கு இது அரிய நிகழ்ச்சியா? தொழில்நுட்பமும் மாறிக்கொண்டே இருக்கிறது. 2021 முடிவோடு நாட்டில் 3ஜி சேவை நிறுத்தப்பட்டபோது, நன்றாக இருந்த எத்தனையோ பழைய கருவிகளில் இணையம் செத்துப்போயிற்று. அப்புறம் இடம். சுண்ணாம்புக் குன்றுகள் சூழ்ந்த நம் வட்டாரத்தில் ஒரு நிறுவனத்தின் அலை இந்தத் தெருவில் எட்டும், அடுத்த தெருவில் எட்டாது. எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை மலேசியர்களுக்கு 2008இலேயே கிடைத்துவிட்டது. ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு அந்த உரிமை இருந்தும் இல்லாததே.

தவணையில் வாங்குவதே இழுக்கு என்று நான் சொல்லவில்லை. சிங்கர் தையல் இயந்திரத்தை 1850களிலேயே தவணை முறையில் விற்றார்கள். நம் பாட்டிமார் தோட்டத்துக் கடையில் 555 குறிப்பேட்டில் எழுதி வாங்கித்தான் குடும்பம் நடத்தினார்கள். அந்தச் சின்னக் குறிப்பேட்டில் ஒரு நேர்மை இருந்தது. எழுதியது எவ்வளவு, கழித்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று எழுத்தறியாதவர்க்கும் கடைக்காரர் விரல் வைத்துக் காட்ட முடிந்தது. கூட்டுப் பிடித்தார்கள், அதில் ஏமாந்தவர்களும் பலர். 1971இல் கூட்டு நிதித் தடைச் சட்டமே வந்தது. (ஆங்கிலச் சட்டத்தின் தலைப்பிலேயே ‘கூட்டு’ என்னும் நம் தமிழ்ச்சொல் அப்படியே இடம்பெற்றிருக்கிறது. பெருமைப்படுவதா, வருந்துவதா தெரியவில்லை!) இப்போது தொலைத்தொடர்பு நிறுவனம் இல்லாமலே, கைப்பேசியைத் தொட்டே கடன் வாங்கும் ‘இப்போது வாங்கு, பிறகு கொடு’ முறை வந்துவிட்டது. இத்தகைய கடன்களையும் கண்காணிப்புக்குள் கொண்டுவரும் நுகர்வோர் கடன் சட்டமுன்வரைவை 2025 ஜூலையில் மக்களவை நிறைவேற்றியது. நல்லதே. ஆயினும் சட்டம் நம் வீட்டுக் கணக்கைப் போட்டுத் தராது.

பணம் இல்லாதவர் என்னதான் செய்வது? நம் எடுத்துக்காட்டையே பாருங்கள். வரியோடு சேர்த்த ஒப்பந்தக் கட்டணத்துக்கும் 35 ரிங்கிட் ப்ரீபெய்டுக்கும் உள்ள வேறுபாடு மாதம் 68 ரிங்கிட் 88 சென். அந்தத் தொகையை வங்கியில் போட்டுவந்தால் பதினாறே மாதத்தில் 1,100 ரிங்கிட் சேர்ந்துவிடும். அதுவரை அண்ணனின் பழைய கைப்பேசி போதாதா? படிவம் ஒன்றில் இருக்கும் பிள்ளைக்குப் பாடம் பார்க்க அது போதும். நண்பர்கள் கேலி செய்கிறார்கள் என்று பிள்ளை அழும். அந்த அழுகைக்கு 24 மாதக் கடன் மருந்தாகாது. மொத்தமாகக் கொடுக்க முடியாமல், கருவியும் உடனடியாகத் தேவைப்படுவோர் 600 ரிங்கிட் கருவி ஒன்றைப் பார்ப்பது நல்லது. ஒப்பந்தந்தான் வழி என்றால் பன்னிரண்டு மாதத் திட்டம் உண்டா, இடையில் விலகினால் எவ்வளவு, முடிந்தபின் கட்டணம் குறையுமா, கருவி நமக்கே சொந்தமா அல்லது திருப்பித் தர வேண்டுமா என்று கேட்டு, விடையைக் காட்டும் வரியைத் தாளில் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். வாயால் சொன்னது கணக்கில் வராது.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு சொல். இரவு ஒன்பது மணிக்குப் புலனத்தில் பதினைந்து நிமிடக் காணொளியை அனுப்பி, ‘நாளைக்குள் பார்த்து முடிக்கவும்’ என்று எழுதும்போது, ஒரு வீட்டின் அந்த வாரத்து இணையத்தை நாம் எடுத்துக்கொள்கிறோம் என்பது நினைவில் இருக்க வேண்டும். 2021 வரவு செலவுத் திட்டத்தில் பி40 பிரிவினருக்கு 180 ரிங்கிட் தொலைத்தொடர்பு உதவி அறிவிக்கப்பட்டது. நம் எடுத்துக்காட்டின் ஒப்பந்தத்தில் அது இரண்டு மாதத்துக்கும் காணாது. ஒரு பக்கத் தாளில் அச்சிட்டுக் கொடுக்க முடிந்ததைத் தாளிலேயே கொடுப்போம். கழிவு, வட்டி, சேவை வரி ஆகியவை ஆறாம் ஆண்டுக் கணிதத்தில் வருகின்றன. பாடநூலில் உள்ள சட்டை, காலணிக் கணக்குகளோடு இந்தக் கைப்பேசிக் கணக்கையும் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். அன்று மாலை பிள்ளை வீட்டுக்குப் போய், ‘அப்பா, நம்ம போனுக்கு இன்னும் எத்தனை மாசம் கட்டணும்?’ என்று கேட்கும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்தபின் அரைமணி நேரம் நான் வகுப்பறையிலேயே இருப்பேன். ஒப்பந்தத் தாள் வைத்திருப்போர் எடுத்து வாருங்கள். வரி வரியாகப் படித்துக் கூட்டிப் பார்ப்போம். இன்னும் கையொப்பமிடாத தாளாக இருந்தால் மிகவும் நல்லது.